‘உங்கள் விண்டோஸ் உரிமம் விரைவில் காலாவதியாகும்’: வீட்டுக் கணினியில் இந்த எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது?

(வாய்க்கால்மேடு, நொய்யல்கரை என்பவை எழுதியவர்களின் புனைபெயர்கள்: முன்னவர் கேட்கிறார், பின்னவர் பதில் சொல்கிறார்.)

வாய்க்கால்மேடு, 2025 ஆகஸ்ட் 23, காலை

நான் கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கிறேன். கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் சேர்த்துக் கட்டித் தந்த கணினி இது. விண்டோஸ் 10 புரோ. சென்ற வாரத்திலிருந்து, உரிமம் விரைவில் காலாவதியாகும் என்ற எச்சரிக்கை தினமும் வருகிறது. கடைக்காரரைக் கேட்டால், “அதெல்லாம் கண்டுக்காதீங்கண்ணா, கொண்டாந்தா மறுபடியும் போட்டுத் தர்றனுங்க” என்கிறார். வாங்கிய பொருளுக்கு எப்படிக் காலாவதி வரும்? உண்மையான விண்டோஸுக்கும் இப்படி வருமா?

நொய்யல்கரை, 2025 ஆகஸ்ட் 23, இரவு

வீட்டுக்கென்று முறையாக விற்கப்படும் விண்டோஸ் உரிமத்துக்குக் காலாவதி கிடையாது. ஆகவே இந்த வாசகத்தைப் பார்த்த உடனேயே, உங்கள் கணினியில் போடப்பட்டிருப்பது வீட்டு உரிமம் இல்லை என்று பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிடலாம். பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் மொத்தமாக வாங்கும் தொகுதி உரிமம் என்று ஒன்று உண்டு. அந்த உரிமத்தில் இயங்கும் கணினிகள், நிறுவனத்தின் உள்ளேயே இருக்கும் கே.எம்.எஸ். என்ற சேவையகத்தைக் கண்டு தம்மைப் பதிந்துகொள்ளும். அந்தப் பதிவு 180 நாள்களுக்குச் செல்லும். 7 நாள்களுக்கு ஒருமுறை கணினி தானாகவே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். கோபியில் உங்கள் வீட்டில் அப்படியொரு சேவையகம் இருக்க வாய்ப்பில்லை. கடைக்காரர் அந்தச் சேவையகம் இருப்பதுபோல் நடிக்கும் ஒரு நிரலை ஓட்டியிருப்பார். அந்த நிரலை ஆன்டிவைரஸ் தூக்கிப் போட்டிருந்தாலோ, அது அழைத்த வெளியூர்ச் சேவையகம் மூடப்பட்டிருந்தாலோ, நாள்கள் கரைந்து இப்போது முடியும் தறுவாய்க்கு வந்திருக்கும்.

அவசரப்பட வேண்டியதில்லை. காலம் முடிந்தாலும் விண்டோஸ் 10 கதவை அடைத்துவிடாது. திரையின் வலது கீழ் மூலையில் மங்கலான எழுத்து தோன்றும். சுவர்ப்படம், நிறம் முதலியவற்றை அமைப்புகளில் மாற்ற முடியாது. கோப்புகள் அப்படியே இருக்கும்.

நொய்யல்கரை, 2025 ஆகஸ்ட் 24

நேற்று ஊகத்தில் பேசினேன்; உறுதி செய்துகொள்ள வழி உண்டு. கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, எக்ஸ்.பி.ஆர். என்று சேர்த்து எண்டரைத் தட்டுங்கள். (எம்.ஜி.ஆர். என்று முடிகிற கட்டளையை நம் ஊரில் யாரும் மறக்கப் போவதில்லை.) நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வந்தால் ஒரு வகை; தொகுதி ஆக்டிவேஷன் இன்ன தேதியில் முடியும் என்று வந்தால் நான் சொன்ன வகை.

எக்ஸ்.பி.ஆர். இருக்கும் இடத்தில் டி.எல்.ஐ. என்று அடித்தால் இன்னும் விவரமாகச் சொல்லும். அதில் ‘சேனல்’ என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரீட்டெயில் என்றால் தனியாக விற்கப்பட்ட உரிமம். ஓ.இ.எம். என்றால் கணினித் தயாரிப்பாளர் வழியாக வந்தது. வால்யூம் என்றால் தொகுதி. உரிமத்தைத் திறக்கும் சாவி எண்ணின் கடைசி 5 எழுத்துகளையும் அது காட்டும். டி83ஜிஎக்ஸ் என்று இருந்தால், கே.எம்.எஸ். வாடிக்கையாளர்களுக்காக மைக்ரோசாஃப்டே வெளியிட்டிருக்கும் பொதுச் சாவி அது. உலகத்துக்கே தெரிந்த அந்தச் சாவியை உங்கள் சாவி என்று யாரும் விற்க முடியாது.

வாய்க்கால்மேடு, 2025 ஆகஸ்ட் 27

பார்த்தேன். வால்யூம், கே.எம்.எஸ். கிளையன்ட் என்றுதான் வருகிறது. கடைசி 5 எழுத்துகளும் நீங்கள் சொன்னவையே. பில்லைத் தேடி எடுத்தேன். அதில் விண்டோஸ் என்று ஒரு வரியே இல்லை.

நொய்யல்கரை, 2025 ஆகஸ்ட் 27

பில்லில் இல்லாத பொருளை அவர் விற்கவும் இல்லை, நீங்கள் வாங்கவும் இல்லை என்று கடையில் சொல்லிவிடுவார்கள். நியாயமும் அந்தப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. சேர்த்துக் கட்டிய கணினியாக இருப்பதால் உங்களுக்கு முன்னால் இருப்பவை இரண்டே வழிகள்: ரீட்டெயில் உரிமம் வாங்குவது, அல்லது இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுவது. ஆயத்தக் கணினியாக இருந்திருந்தால் மூன்றாவது வழி ஒன்று இருந்திருக்கும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

நொய்யல்கரை, 2025 ஆகஸ்ட் 31

மூன்றாவது வழியைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், அதை எனக்குக் கற்றுக்கொடுத்த மடிக்கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோமனூரில் விசைத்தறி ஓட்டும் என் மாமா, மகள் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது பெயர் பெற்ற நிறுவனத்தின் மடிக்கணினி ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கினார். கொஞ்ச காலம் கழித்து அது மெதுவானபோது உள்ளூரில் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் ஃபார்மட் செய்து, வன்தட்டை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. மாட்டி, எல்லோருக்கும் போடுகிற விண்டோஸ் புரோவையே இதற்கும் போட்டுக் கொடுத்துவிட்டார். சில மாதங்களில் இதே எச்சரிக்கை வந்தது. இது திருட்டுப் பிரதி என்று நான் சொன்னதும் மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அட, திருட்டுன்னு சொல்லாதீங்க மாப்பிள்ள, காசு குடுத்துத்தானுங்க வாங்குனேன்” என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. 2012இல் விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து, பெரிய தயாரிப்பாளர்கள் சாவியை ஒட்டுத்தாளில் அச்சிடாமல், தாய்ப்பலகையில் இருக்கும் யு.இ.எஃப்.ஐ. நினைவகத்திலேயே பதித்துவிடுகிறார்கள். ஃபார்மட் செய்தாலும் அது அழியாது. வன்தட்டை மாற்றினாலும் போகாது. மாமாவின் மடிக்கணினியில் விண்டோஸ் ஹோம் பதிப்புக்கான சாவி அப்படியே உறங்கிக்கொண்டிருந்தது. ஹோம் சாவி புரோ பதிப்பைத் திறக்காது என்பதால், மேலே புரோவைப் போட்டவுடன் சொந்த உரிமம் பயனற்றுக் கிடக்க, அதன் தலைமேல் திருட்டு உரிமம் ஒன்று உட்கார்ந்துவிட்டது.

செய்தது இவ்வளவுதான். கோப்புகளை வெளித்தட்டில் எடுத்து வைத்தோம். மைக்ரோசாஃப்டின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு, 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் நிறுவல் கோப்பைத் தயாரித்தோம். நிறுவும்போது அது பதிப்பையும் கேட்கவில்லை, சாவியையும் கேட்கவில்லை. தானாகவே ஹோமைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. இணையம் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிட்டது. ஒரு பைசா செலவில்லை.

நொய்யல்கரை, 2025 செப்டம்பர் 1

“புரோவிலிருந்து ஹோமுக்குச் சாவியை மட்டும் மாற்றி இறங்க முடியாதா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏறுவதற்குத்தான் அந்த வழி. இறங்குவதற்குப் புதிதாக நிறுவ வேண்டும். கோப்புகளை எடுத்து வைக்கும்போது எழுத்துருக்களையும் மறக்காதீர்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகைகளும் ஊர்க் கோயில் கணக்குகளும், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும்.

நொய்யல்கரை, 2025 செப்டம்பர் 6

எஸ்.எஸ்.டி. போட்டால் உரிமம் போய்விடும் என்று சில கடைகளில் சொல்லி, அதைக் காரணம் காட்டியே கிராக்கை, அதாவது உரிமப் பூட்டை உடைக்கும் நிரலைப் போட்டுவிடுகிறார்கள். போகாது. நினைவகத்தைக் கூட்டினாலும் போகாது. தாய்ப்பலகையை மாற்றினால்தான் அதை வேறு கணினியாகக் கருதுவார்கள். ஓ.இ.எம். உரிமம் நம் பக்கத்துக் கிணற்றுப் பாத்தியதையைப் போன்றது. பூமியை விற்றால் பூமியோடு போகும், ஆளோடு வராது. ரீட்டெயில் உரிமம் ஆளோடு வரும்; பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதில் போட்டுக்கொள்ளலாம்.

தாய்ப்பலகையை மாற்றும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கை அந்தக் கணினியில் இணைத்து வையுங்கள். 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 ஆனிவர்சரி அப்டேட்டிலிருந்து, சேவையகத்தில் பதிவாகியிருக்கும் டிஜிட்டல் உரிமத்தைக் கணக்கோடு இணைக்கும் வசதி இருக்கிறது. மாற்றிய பிறகு, ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள டிரபுள்ஷூட்டரில், அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ரீட்டெயில் உரிமமாக இருந்தால் நம்பிச் செய்யலாம்.

நொய்யல்கரை, 2025 செப்டம்பர் 7

பழைய மேசைக்கணினியின் முதுகில் விண்டோஸ் 7 ஒட்டுத்தாள் இருக்கிறது, அந்தச் சாவி விண்டோஸ் 10க்குச் செல்லுமா என்று ஈரோட்டிலிருந்து ஒரு கேள்வி. அப்படிப் பழைய சாவியால் விண்டோஸ் 10க்கு இலவசமாக ஏறும் வாய்ப்பு அதிகாரப்பூர்வமாக 2016 ஜூலை 29 அன்றே முடிந்தது. ஆனாலும் நெடுங்காலம் நடைமுறையில் வேலை செய்துகொண்டிருந்தது. 2023 செப்டம்பரில் அதையும் மூடிவிட்டார்கள். முன்பே ஏறிவிட்ட கணினிகளுக்குக் கவலையில்லை.

நொய்யல்கரை, 2025 செப்டம்பர் 14

இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாவிகளைப் பற்றி மூவர் கேட்டுவிட்டார்கள். என் அனுபவத்தில் அவற்றில் சில வேலை செய்தன, சில செய்யவில்லை. வேலை செய்தவற்றிலும் ஒன்று பிறகு செத்துப்போனது. காரணத்தைப் புரிந்துகொண்டால் வியப்பு இருக்காது. தொகுதி உரிமத்தில் எம்.ஏ.கே. என்று இன்னொரு வகை உண்டு. ஒரே சாவியால் இத்தனை கணினிகள் என்று எண்ணிக்கை வைத்து நிறுவனங்களுக்குக் கொடுப்பார்கள். அந்தச் சாவி எங்கோ கசிந்து, நூறு பேருக்கு நூறு முறை விற்கப்படுகிறது. எண்ணிக்கை தீர்ந்த பிறகு வாங்கியவருக்குப் பிழை எண் ‘சி020’ என்று முடியும். மைக்ரோசாஃப்டே அந்தச் சாவியைத் தடுத்துவிட்டால் ‘சி003’ என்று முடியும். டி.எல்.ஐ. கட்டளையில் எம்.ஏ.கே. என்று காட்டினால், உங்கள் வீட்டுக்குரிய உரிமம் உங்களிடம் இல்லை என்றே கொள்ளுங்கள், எக்ஸ்.பி.ஆர். கட்டளை ‘நிரந்தரம்’ என்று சொன்னாலும் சரி.

இது ஆகஸ்ட் 24 குறிப்பில் நான் பிரித்த இரண்டு வகைகளுக்குள் அடங்காதது. எக்ஸ்.பி.ஆர். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு யாரும் நிம்மதி அடைய வேண்டாம். இரண்டு கட்டளைகளையும் ஓட்டுங்கள்.

பிழை எண்களைப் பற்றிப் பேசும்போதே மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ‘எஃப்074’ என்று முடிந்தால், கணினி கே.எம்.எஸ். சேவையகத்தைத் தேடிக் காணாமல் திரும்பியிருக்கிறது. ‘எஃப்213’ என்று முடிந்தால், இந்தக் கணினியில் சாவியே கிடைக்கவில்லை. தாய்ப்பலகை மாறிய கணினிகளில் இதைப் பார்க்கலாம்.

நொய்யல்கரை, 2025 செப்டம்பர் 21

பொள்ளாச்சியிலிருந்து எழுதும் அன்பர், “எச்சரிக்கை வந்துவிட்டால் திருட்டுப் பிரதி என்றுதானே பொருள்?” என்று அழுத்தமாகச் சொல்கிறார். அவ்வளவு அழுத்தம் தேவையில்லை. சரிபார்க்கும் இயந்திரமே சறுக்கிய காலங்கள் உண்டு.

2007 ஆகஸ்ட் 24 அன்று மைக்ரோசாஃப்டின் சரிபார்ப்புச் சேவையகங்களில் நேர்ந்த கோளாறால், காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் எக்ஸ்.பி.யும் விஸ்டாவும் போலி என்று முத்திரை குத்தப்பட்டன. பாதிக்கப்பட்டவை 12,000க்கும் குறைவு என்று நிறுவனம் சொன்னது. அந்தக் குறைவில் இருந்தவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது. 2018 நவம்பரில் முறையான விண்டோஸ் 10 புரோ கணினிகள் சில, உங்களிடம் இருப்பது ஹோம் உரிமம்தான் என்று அறிவித்துக்கொண்டன. ஏறக்குறைய ஒரு நாளில் சரிசெய்தார்கள். 2019 ஜனவரியில், கே.எம்.எஸ். வழியாக முறைப்படி இயங்கிய நிறுவனங்களின் விண்டோஸ் 7 கணினிகள் தம்மைப் போலி என்றன. 2010இல் வந்த 971033 என்ற எண்ணுள்ள சரிபார்ப்பு அப்டேட்டை நீக்கிவிடும்படி அப்போது மைக்ரோசாஃப்டே சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே காசு கொடுத்து வாங்கியது உறுதியாகத் தெரிந்தால், எச்சரிக்கை வந்த அன்றே ஃபார்மட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள். கணினியின் தேதியையும் பாருங்கள். மூடி வைத்துக் கிடந்த கணினியில் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்திருந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருக்கும். அந்த நிலையில் எந்தச் சேவையகத்தோடும் பாதுகாப்பான இணைப்பு கிடைக்காமல், உரிமம் சரிபார்ப்பதும் நின்றுபோகும்.

நொய்யல்கரை, 2025 செப்டம்பர் 22

பொள்ளாச்சி அன்பர் ஒத்துக்கொள்ளவில்லை. தேங்காய் விலையைப் பற்றி விவாதித்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார் போலிருக்கிறது. ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்வி நியாயமானது: காலாவதி ஆகும் என்ற எச்சரிக்கைக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. நேற்று நான் சொன்னவையெல்லாம் ‘போலி’ அல்லது ‘ஆக்டிவேட் செய்யுங்கள்’ என்ற எச்சரிக்கைகளுக்கு. வீட்டு உரிமத்தில் தேதியே கிடையாது என்பதால், தேதியோடு வரும் எச்சரிக்கை பெரும்பாலும் தொகுதி உரிமத்தையே காட்டும்.

நொய்யல்கரை, 2025 செப்டம்பர் 28

கணக்கு எழுதும் டேலி நிரலின் உரிமத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். திருப்பூரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம். டேலி உரிமத்தைக் காணாவிட்டால் எஜுகேஷனல் மோடில் திறக்கும். மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும். அண்மையில் ஒரு ஜாப் ஒர்க் அலுவலகத்தில் பார்த்தேன்: பில்கள் எல்லாம் 1ஆம் தேதியிலும் 2ஆம் தேதியிலும் கிடந்தன. அப்படித்தான் துணி வந்திறங்குகிறது என்று ஜி.எஸ்.டி. அதிகாரியை நம்பவைக்க முடியுமா என்று கேட்டேன், சிரித்தார்கள், மாற்றவில்லை.

உரிமம் வாங்கியவர்களுக்கும் இது நேரும். கணினியை ஃபார்மட் செய்வதற்கு முன்னால், டேலிக்குள் போய் உரிமத்தைச் சரண்டர் செய்துவிட்டால், பிறகு அதே கணக்கால் மறுபடி ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். மேலே ஆகஸ்ட் 31 குறிப்பைப் படித்துவிட்டு உடனே ஃபார்மட்டில் இறங்குபவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள்.

நொய்யல்கரை, 2025 அக்டோபர் 5

வீட்டில் பயன்படுத்தினால் சட்டம் ஒன்றும் செய்யாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்ற பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துபவருக்கு 7 நாளுக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம் என்று அது சொல்கிறது. ஆதாயத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தாதபோது, நீதிமன்றம் சிறைத்தண்டனையை விட்டுவிட்டு 50,000 வரையிலான அபராதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆக, சலுகை உண்டு, விலக்கு இல்லை.

நம் பக்கத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தறிக்கூடத்தின் கூலிக் கணக்கும், மஞ்சள் மண்டியின் பற்று வரவும், மகனின் ஆன்லைன் வகுப்பும் ஒரே கணினியில்தான் நடக்கின்றன. வீட்டுத் திண்ணையில் இருப்பதால் அது வீட்டுக் கணினி என்று நாம் நினைக்கிறோம். பில் அடித்த நாளிலிருந்து அது தொழில் கணினி. விண்டோஸ் ஹோமில் பில் போடுவதற்குத் தடையில்லை. ஆனால் ஆபிஸ் ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் பதிப்பின் உரிமம் வணிகப் பயன்பாட்டை ஏற்பதில்லை. புது மடிக்கணினியோடு அது வந்திருந்தால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால்மேடு, 2025 அக்டோபர் 12

எனக்குக் கடிதம் அடிப்பதும் வங்கித் தளமும்தான் வேலை என்பதால் உபுண்டு என்ற லினக்ஸும், ஆபிஸுக்கு மாற்றான லிப்ரே ஆபிஸும் போட்டுக்கொண்டேன். பிரிண்டர் முதல் நாள் முரண்டு பிடித்தது, இப்போது அச்சடிக்கிறது. தமிழ் தட்டச்சு நன்றாக இருக்கிறது.

நொய்யல்கரை, 2025 அக்டோபர் 16

நல்லது. மேலும், நீங்கள் மாறிய நேரமும் பொருத்தமானது. அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஆபிஸ் 2016, 2019 ஆகியவற்றுக்கும் அதே நாள்தான். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளை நீட்டித்துக்கொள்ள ஒரு திட்டம் இருக்கிறது; மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அதில் சேர வேண்டும். நீட்டிப்பு எல்லாம் ஓராண்டுக்குத்தான் என்பதால், அந்தக் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பார்த்த பிறகே ரீட்டெயில் உரிமம் வாங்குங்கள். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், செயலி இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையாகவோ அதற்குப் பின்னர் வந்ததாகவோ இருக்க வேண்டும். அது இல்லாத பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து உரிமம் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆகஸ்ட் 27 அன்று ரீட்டெயிலை முதலில் சொல்லி லினக்ஸை இரண்டாவதாகச் சொன்னேன். பழைய பெட்டிகளுக்கு அந்த வரிசையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே அது ஒன்றும் புதிய பண்டமும் இல்லை. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே பிள்ளைகளின் கைக்கு வந்தது; திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

நொய்யல்கரை, 2025 நவம்பர் 9

முதல் நாள் ‘அவசரப்பட வேண்டியதில்லை’ என்று எழுதியதைச் சிலர் கிராக்குக்கும் சேர்த்துப் படித்துவிட்டார்கள். அவசரமில்லை என்றது எச்சரிக்கைக்கு மட்டும். கிராக் இருக்கும் கணினியில் வங்கிக் கடவுச்சொல்லை அடிப்பவர் அவசரப்படத்தான் வேண்டும். கே.எம்.எஸ்.பிகோ என்ற கிராக்கின் பெயரில் உலவிய நிறுவல் கோப்புகளோடு கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரலும் சேர்ந்து வந்ததை, 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் விவரமாக எழுதியது. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் கிரிப்டோ பணப்பைகளையும் அது வாரிக்கொண்டு போகும்.

கடைக்காரர் எதைப் போட்டார் என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத கோப்புறை அதில் இருந்தால், விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அந்த இடத்தை எட்டிப் பார்க்கக்கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். நேரம் குறித்து நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரிலும் கே.எம்.எஸ். என்ற பெயரில் ஏதேனும் ஓடுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அதை மட்டும் நீக்கிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், புதிதாகவே நிறுவுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ மாற்றுங்கள்.

நொய்யல்கரை, 2025 நவம்பர் 10

புதிதாக நிறுவும்போது, பழைய கோப்புகளோடு அந்த கிராக்கின் நிறுவல் கோப்பையும் வெளித்தட்டில் பத்திரமாக எடுத்து வைத்து, மறுபடி உள்ளே கொண்டுவந்துவிடாதீர்கள். பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து எடுங்கள்.